தஃலீக்: நிழற்படத்தைத் தொங்கவிடுதல் என்னும் விளக்கவுரை

அரபு மொழியில் 'தஃலீக்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்றை ஆணியிலோ கயிற்றிலோ தொங்கவிடுவது முதற்பொருள். ஒரு நூலின் ஓரத்தில் அதன் கருத்தை விளக்கியோ மறுத்தோ குறிப்பெழுதுவது இரண்டாம் பொருள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இரண்டாம் பொருளே முதலில் நினைவுக்கு வரும். மூலநூலோடு தொங்கிக்கொண்டு நிற்பதால் குறிப்புரை அப்பெயர் பெற்றது. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளுள் தலைசிறந்தவற்றை 'முஅல்லகாத்', அதாவது தொங்கவிடப்பட்டவை, என்று வழங்குகிறோம். அவை கஅபாவில் தொங்கவிடப்பட்டன என்ற செய்தியை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் அப்படியொரு செய்தி தலைமுறைகளைக் கடந்து வழங்கிவந்ததே ஓர் உண்மையை உணர்த்துகிறது. தொங்கவிடுதலை அம்மக்கள் ஒரு மதிப்பீடாகவே கருதினர்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது ஒன்றுதான். சட்டமிட்ட நிழற்படத்தைச் சுவரில் தொங்கவிட்டு ஒளியூட்டுவது, அப்படத்தின்மீது எழுதப்படும் ஒரு தஃலீக் ஆகும். படத்தைச் சூழும் ஓரம், அது தொங்கும் உயரம், அதன்மேல் விழும் ஒளி, அதனடியில் எழுதப்படும் குறிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து, அப்படத்தை எவ்வாறு காண வேண்டும் என்று பார்ப்பவருக்குக் கற்பிக்கின்றன. நிழற்படம் கூடுமா, கூடாதா என்பது குறித்து நம் உலமாப் பெருமக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்ந்து வந்துள்ளனர். தொங்கவிட்ட பிறகு அப்படம் என்ன ஆகிறது, பார்ப்பவர் என்ன ஆகிறார் என்ற வினாவை நாம் போதிய அளவு எழுப்பவில்லை. அதன் விளைவை நம் நிறுவனங்களின் சுவர்களில் இன்று கண்டுவருகிறோம்.

திரைச்சீலை தரும் பாடம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இல்லத்து மாடமொன்றை உருவங்கள் பொறித்த திரைச்சீலையால் மறைத்திருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு முகம் மாறி, அதை அகற்றினார்கள். பின்னர் அச்சீலை வெட்டப்பட்டு ஒன்றிரண்டு தலையணைகளாக ஆக்கப்பட்டது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள இச்செய்தியை நம் மாணவர்கள் நன்கறிவார்கள். இங்கே துணி ஒன்றே. அதன் இடமும் நிலையும் மாறின. நிமிர்ந்து தொங்கியபோது பெற்றிருந்த மதிப்பைச் சாய்ந்துகொள்ளும் பொருளானபோது அது இழந்தது.

ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். சுவரில் தொங்குவதும் ஆடையிலும் தலைப்பாகையிலும் இருப்பதும் ஒரு வகை. காலால் மிதிக்கப்படும் விரிப்பிலும் சாய்ந்துகொள்ளும் திண்டிலும் இருப்பது மற்றொரு வகை. தொழுகையின்போது திரைச்சீலையின் உருவங்கள் குறுக்கிட்டதால் அதை அகற்றுமாறு நபியவர்கள் பணித்த செய்தியும் புகாரியில் உண்டு. தொங்குவது கண்ணை அழைக்கும் என்பதும், அழைக்கப்பட்ட கண்ணின் பின்னே உள்ளமும் செல்லும் என்பதும் நம் ஃபுகஹாக்கள் என்றோ கண்டறிந்த செய்திகள். கலைக்கூடம் அமைப்போர் அண்மைக் காலத்தில் பேசத் தொடங்கியதை ஃபிக்ஹ் நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டன என்றால் அது மிகையாகாது.

ஒளிப்பதிவுக் கருவி வந்தபின் வினா வேறு வடிவம் பெற்றது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைக் முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், கருவி வழியே பெறப்படும் படம் புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதாகாது, இருக்கும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டு, அதற்கென ஒரு தனி நூலே எழுதினார்கள். தமிழில் நாம் வழங்கும் 'நிழற்படம்' என்னும் சொல் அவர்களுடைய வாதத்தோடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. இக்கருத்தை ஏற்காத உலமாக்களும் உள்ளனர். அவ்விவாதத்தில் தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. நாம் சுட்ட விழைவது இதுதான்: படம் கூடும் எனக் கொள்வோர்க்கும் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அப்படம் தஃழீமுக்காகத் தொங்குகிறதா, ஷஹாதத்துக்காகத் தொங்குகிறதா என்று அவர்கள் விடை கூற வேண்டும். வணங்கத்தக்க பெருமையை ஒன்றுக்கு ஏற்றுவது வேறு. நடந்ததற்குச் சாட்சியாக ஒன்றை நிறுத்துவது வேறு. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு ஆணியடிக்கும் இடத்திலும் விளக்குப் பொருத்தும் கோணத்திலும் இருக்கிறது.

மத்னும் ஹாஷியாவும்

பழைய கல்லச்சுக் கிதாபுகளைப் புரட்டியவர்கள் அவற்றின் பக்க அமைப்பை மறக்கமாட்டார்கள். நடுவில் மத்ன்; அதைச் சூழ்ந்து ஷரஹு; ஓரங்களில் சாய்ந்தும் வளைந்தும் ஹாஷியா. நல்ல பதிப்பில் மத்னைக் கண் உடனே கண்டுகொள்ளும். குறிப்புகள் பெருகிய பதிப்பில் மத்னைத் தேடியலைய வேண்டும். நிழற்படத்தைச் சட்டமிடும் கலையின் முழு இலக்கணமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. படம் மத்ன். அதைச் சூழும் மவுண்ட் அட்டையும் மரச்சட்டமும் ஹாஷியா.

மவுண்ட் அட்டையின் நடுவே சாளரம் போல் வெட்டி, அதன் பின்னே படத்தைப் பொருத்துவது வழக்கம். இந்த வெற்று ஓரம் கண்ணுக்கு ஓய்வு தருகிறது. சுவரின் இரைச்சலிலிருந்து படத்தைப் பிரித்துக் காட்டுகிறது. கீழ் ஓரத்தை மேல் ஓரத்தைவிடச் சற்றே அகலமாக விடுவர். இல்லையேல் படம் கீழே சரிவதுபோல் தோன்றும். இவ்வோரத்துக்கு மற்றொரு கடமையும் உண்டு. கண்ணாடி படத்தைத் தொடாமல் அது காக்கிறது. குளச்சல் முதல் கன்னியாகுமரி வரையுள்ள நம் கடலோரக் காற்றின் ஈரத்தில், கண்ணாடியோடு ஒட்டி வைக்கப்பட்ட படத்தின் ஜெலட்டின் படலம் நாளடைவில் கண்ணாடியிலேயே பற்றிக்கொள்ளும். பிறகு பிரிக்க முயன்றால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். மலிவான அட்டையிலுள்ள அமிலம் படத்துக்குள் ஊறிப் பழுப்பு நிறக் கறையை உண்டாக்கும். ஆதலால் அமிலம் நீக்கிய அட்டையையே காப்பகங்கள் கேட்டு வாங்குகின்றன.

நம்மூர்ப் பிரேம் கடைகளில் இவ்விரண்டையும் கேட்பவர் அரியர். படத்தைக் கண்ணாடிக்கும் ஹார்ட்போர்டுக்கும் இடையே நெருக்கி, பொன்வண்ணப் பூவேலைச் சட்டத்துக்குள் இறுக்கிவிடுவதே வழக்கம். அப்பூவேலை மத்னை விழுங்கும் ஹாஷியா ஆகிவிடுகிறது. பார்ப்பவர் சட்டத்தின் மினுமினுப்பைப் பாராட்டிவிட்டுப் போகிறார். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டிவைத்தால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். மழைக்காலத்தில் சுவர் ஊறினாலும் படம் ஊறாது. சில ரூபாய்ச் செலவில் முடியும் இவ்வேலை, பல நூறு ரூபாய்ச் சட்டம் தராத பாதுகாப்பைத் தரும்.

கண் மட்டம்

இனி உயரத்துக்கு வருவோம். கண்காட்சிக் கூடங்கள் பலவற்றில், படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் அமையுமாறு தொங்கவிடுவர். நிற்பவரின் கண் ஏறத்தாழ அவ்வுயரத்தில் இருக்கும். படங்கள் சிறியவையும் பெரியவையுமாக இருந்தாலும் நடுப்புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்பதால் பார்வை தடுமாறாமல் செல்லும். ஒற்றை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட படம் மின்விசிறிக் காற்றுக்குக்கூடக் கோணும். இரு வளையங்கள், இரு ஆணிகள் என்றால் அது நிலைத்து நிற்கும்.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நிலைமை என்ன? நிலைப்படிக்கு மேலே, உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, முன்னோக்கிச் சாய்த்துப் படங்கள் தொங்குகின்றன. பார்ப்பவர் கழுத்தை நிமிர்த்த வேண்டும். படத்திலிருப்பவர் குனிந்து நம்மைப் பார்ப்பார். அரசவைகளின் சாய்வு அது. மறைந்த ஆலிம் ஒருவருடைய படத்தை அவ்வாறு உயர்த்திச் சாய்த்து, மேலே ஒரு வண்ண விளக்கையும் எரியவிட்டால், நாம் வாயால் மறுக்கும் ஒன்றைச் சுவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். அதே படத்தைக் கண் மட்டத்துக்கு இறக்கி, அவர் எந்த ஆண்டு எந்த மதரஸாவில் எந்தக் கிதாபைப் போதித்தார் என்ற குறிப்போடு நிறுத்தினால், அது வரலாற்றுச் சாட்சியாகிவிடும். இடையே உள்ள தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டருக்குள் தஃழீமும் ஷஹாதத்தும் பிரிந்து நிற்கின்றன.

தொங்கவிடுபவரின் கருத்து படத்தை மீறிவிடும் அபாயம் உலகப் புகழ்பெற்ற கண்காட்சிகளிலும் நேர்ந்துள்ளது. 1955இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் அமைத்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சியில் 68 நாடுகளைச் சேர்ந்த 273 பேர் எடுத்த 503 படங்கள் இடம்பெற்றன. அவர் அவற்றைச் சட்டமின்றிப் பலகைகளில் ஒட்டினார். சிலவற்றை ஆளுயரத்துக்குமேல் பெரிதாக்கினார். சிலவற்றைச் சுவரை விட்டு விலக்கி வெளியில் நிறுத்தினார். பிறப்பு, உழைப்பு, இறப்பு என மாந்தர் அனைவரும் ஒன்றே என்பது அவர் சொல்ல விரும்பிய செய்தி. அச்செய்தி உயர்ந்தது, மானுடம் ஒரே ஆணிலிருந்தும் பெண்ணிலிருந்தும் தோன்றியது என்று நம்பும் நமக்கு அது புதியதும் அன்று. ஆனால் 273 பேரின் பார்வை ஒருவருடைய கட்டுரைக்கு எடுத்துக்காட்டுகளாக மாறிவிட்டது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அதில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். பல நாடுகளில் சுற்றிவந்த அக்கண்காட்சியின் படங்கள் 1994 முதல் லக்சம்பர்க்கின் கிளெர்வோ நகரக் கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றை இன்று காண்பவர் ஸ்டைக்கனைக் காண்கிறார். எடுத்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. மத்னைவிடத் தஃலீக் பெருத்துவிட்டதற்கு இது ஒரு சான்று.

ஒளியின் மீஸான்

ஒளி பற்றிய நம் மரபுச் செல்வம் சிறிதன்று. பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என நிறுவினார்கள். அந்நூலில் காட்சி செம்மையாக அமைவதற்கு எட்டு நிபந்தனைகளை அவர்கள் வகுத்துள்ளார்கள். தூரம், நேர்முக நிலை, ஒளி, பருமன், பொருளின் திண்மை, இடையிலுள்ள காற்றின் தெளிவு, பார்க்கும் கால அளவு, கண்ணின் நலம் என்பன அவை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுநிலை அளவு உண்டு என்றும், அந்த இஃதிதால் எல்லையை மிகினும் குறையினும் காட்சி பிழைபடும் என்றும் அவர்கள் விளக்குகிறார்கள். கண்காட்சி அமைப்போர்க்கு இதைவிடச் சிறந்த கையேடு வேண்டியதில்லை.

முதலில் கோணம். ஒளி கண்ணாடியில் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். விளக்கு படத்துக்கு நேரெதிரே, பார்ப்பவரின் தலைக்குப் பின்னே இருந்தால், படத்துக்குப் பதில் விளக்கும் தம் முகமுமே அவருக்குத் தெரியும். மேற்கூரையிலிருந்து, செங்குத்துக் கோட்டுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஒளி விழுமாறு அமைத்தால், திரும்பும் ஒளி பார்ப்பவரின் கண்ணுக்குக் கீழே தரையை நோக்கிச் செல்லும். சாய்வு மிகக் குறைந்தால் சட்டத்தின் நிழல் படத்தின்மேல் நீளும். மிக அதிகமானால் பார்ப்பவரின் நிழல் படத்தை மறைக்கும். திருமறையின் நூர் அத்தியாயத்தில் வரும் உவமையில் மாடமும் விளக்கும் கண்ணாடியும் இடம்பெறுகின்றன. அதன் ஞானப்பொருள் முஃபஸ்ஸிர்களுக்கு உரியது. மிஷ்காத் என்பது மறுபுறம் திறப்பில்லாத மாடம் என்றும், ஆதலால் ஒளி சிதறாமல் குவிகிறது என்றும் அவர்கள் கூறும் சொற்பொருளை மட்டும் இங்கே நினைவுகூர்கிறோம். விளக்குக்கு ஓர் இடமும் ஒரு திசையும் தேவை.

அடுத்து அளவு. நிழற்படம் ஒளியால் பிறக்கிறது, ஒளியாலேயே அழிகிறது. அழிவு கூடிக்கொண்டே போகும். இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பி வராது. ஆகவே காப்பகத்தார் வெளிச்சத்தை 'லக்ஸ்' என்னும் அலகால் அளந்து, அதை மணிக்கணக்கோடு பெருக்குகின்றனர். பழைய ஆல்புமின் படங்களுக்கும் வண்ணப் படங்களுக்கும் 50 லக்ஸ் என்பது பெரிதும் பின்பற்றப்படும் எல்லை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் 90 நாள்கள் 50 லக்ஸ் ஒளியில் வைத்தால் 36,000 லக்ஸ்-மணி ஆகிறது. நேரடி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். அதாவது, சாளரம் வழியே ஒரே ஒரு மணி நேரம் வெயில் விழும் படம், முறையான கண்காட்சியில் 250 நாள்கள் தொங்கிய அளவுக்குத் தேய்கிறது. புற ஊதாக் கதிர்களை மிகுதியாக வெளியிடாத எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் அத்தொல்லை குறைந்துள்ளது. வெளிச்சத்தின் தொல்லை குறையவில்லை.

இவ்விடத்தில் மணவாளக்குறிச்சியை நினையாமல் இருக்க இயலாது. இக்கடற்கரையின் மணலில் மோனசைட் கனிமம் இருப்பதை 1909இல் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல் அதற்கு வழிகாட்டியது. மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம், கார்ல் ஆவர் உருவாக்கிய காஸ் விளக்கு மாண்டிலுக்கு இன்றியமையாதது. 99 பங்கு தோரியமும் 1 பங்கு சீரியமும் கலந்த அவ்வலைத்துணி, ஐரோப்பிய நகரங்களின் தெருக்களையும் இல்லங்களையும் ஒளிரச் செய்தது. நம் திருமண வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் இரைந்தெரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதே மணலில் உள்ள இல்மனைட், டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமியின் மூலப்பொருள். இருபதாம் நூற்றாண்டில் ஈய வெள்ளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, உலகெங்கும் கலைக்கூடச் சுவர்களை வெள்ளையாக்கியது அந்நிறமிதான். கண்காட்சியின் விளக்குக்கும் சுவருக்கும் தேவையானதை இச்சிற்றூரின் கடற்கரை தந்திருக்கிறது.

ஆனால் அவ்வெள்ளையும் அளவு மீறினால் தீங்கே. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். படத்தின் கரும்பகுதியோ மிகச் சிறு பங்கையே திருப்பும். சுவர் முழுவதையும் ஒளியால் கழுவினால் கண் சுவருக்குப் பழகிவிடும். படத்தின் நிழல்கள் வெறும் கருமையாகிவிடும். இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக் படலம் பூசிய புகைப்படத் தாள்களின் வெண்மைக்கும் இதே நிறமியையே பயன்படுத்தினர். அத்தாள்கள் புழக்கத்துக்கு வந்த தொடக்க காலத்தில், ஒளிபட்ட நிறமி பிளாஸ்டிக்கைச் சிதைத்து விரிசலுண்டாக்கியது. மூடிய சட்டத்துக்குள் சிக்கிய ஆவிகள் வெள்ளிப் படிமத்தையே அரித்தன. பின்னாளில் நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்த்து உற்பத்தியாளர்கள் இதைக் குறைத்தனர். 1970களில் எடுத்துச் சட்டமிட்ட கருப்பு வெள்ளைப் படங்களை நாம் வைத்திருந்தால், அவற்றை உடனே ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

ஒளி, போற்றுதலுக்கும் சாட்சியத்துக்கும் வெவ்வேறு வகையில் பயன்படுவதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கன்னியாகுமரியில் 1956இல் எழுந்த காந்தி நினைவு மண்டபத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று நண்பகலில், கூரைத் துளை வழியே வரும் கதிர் அஸ்திக்கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழுமாறு அமைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், உச்சியிலிருந்து விழும் அவ்வொளி நினைவு போற்றும் ஒளி. அம்மண்டபத்தின் நோக்கத்துக்கு அது பொருந்துகிறது. கண்காட்சியில் படத்தின்மீது விழ வேண்டியதோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முகத்தின்மீதும் சமமாகப் பரவி, படிக்க உதவும் ஒளி. முன்னதை எடுத்துப் பின்னதன் இடத்தில் வைத்தால், சாட்சியம் சொல்ல வந்த படம் வழிபடு பொருளின் தோற்றத்தைப் பெற்றுவிடும்.

இஸ்நாத் இல்லாத படம்

ஸனது இல்லாத செய்தியை நம் முஹத்திஸ்கள் ஏற்பதில்லை. படத்தினடியில் எழுதப்படும் சிறு குறிப்பே அப்படத்தின் ஸனது. எடுத்தவர் யார், எப்போது, எங்கே, இப்பிரதி எப்போது அச்சிடப்பட்டது, யாரிடமிருந்து வந்தது ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

இதன் இன்றியமையாமையை உணர்த்த மக்காவின் படங்களையே சான்றாகக் கொள்வோம். எகிப்தியப் படைப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். அவ்விரு புனித நகரங்களின் அறியப்பட்ட முதற்படங்கள் அவருடையவை. அவருடைய பெயர் நிலைத்தது. மக்காவைச் சேர்ந்த மருத்துவர் அப்துல் கஃப்பார் அவர்களின் நிலை வேறு. 1885இல் மக்காவில் தங்கியிருந்த டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யேயின் தொடர்பால் அவர் பல படங்களை எடுத்தனுப்பினார். 1889இல் ஸ்னூக் அவற்றை நூலாக வெளியிட்டபோது மருத்துவரின் பெயர் அதில் இல்லை. பின்வந்த ஆய்வாளர்களே உரியவருக்கு உரியதை மீட்டுக்கொடுத்தனர். படம் அப்படியே இருந்தது. ஸனது அறுபட்டதால் சாட்சியின் பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மறைந்துபோயிற்று.

நல்ல தஃலீக் எவ்வாறிருக்கும் என்பதற்கு 2012இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்திய ஹஜ் கண்காட்சியைச் சுட்டலாம். அதில் ஸவூதிக் கலைஞர் அஹ்மத் மாத்தர் அவர்களின் 'காந்த ஈர்ப்பு' என்னும் படைப்பும் இடம்பெற்றது. ஒரு சிறு கருநிறக் காந்தக் கட்டியைச் சுற்றி இரும்புத்தூள் வட்டமிட்டு நிற்கும் படம் அது. அறிவியல் வகுப்பறைச் சுவரில் தொங்கினால் அது ஒரு பாடப்படம். ஹஜ்ஜின் ஆவணங்களுக்கும் பயணப் பொருள்களுக்கும் நடுவே தொங்கும்போது அதில் தவாஃபைக் காணாதவர் இரார். காந்தத்தின் உருவம் ஒன்றும் மாறவில்லை. அருகிலிருந்தவை அதற்கு உரை எழுதின. அதேபோல் 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே, புஷ்பமாலா என். அவர்களின் பொறுப்பில் 2019இல் நடந்த இரண்டாம் பதிப்பில், சேப்பாக்கம் செனட் இல்லத்தையும் காட்சியிடமாகக் கொண்டது. சிஷோம் எழுப்பிய, இஸ்லாமியக் கட்டடக் கூறுகள் பல கலந்த அம்மாளிகையின் சாயல், அங்கு நிற்கும் எந்தப் படத்தின்மீதும் படியவே செய்யும். ஆணியடிக்கக் கூடாத இத்தகைய பழஞ்சுவர்களுக்கு முன்னே தனித்து நிற்கும் பலகைகளை அமைப்பதே முறை. நம் பழைய மதரஸாக் கூடங்களுக்கும் இம்முறை ஏற்றதாகும்.

நம் சுவர்கள்

இவ்வளவும் கூறியது நம் இல்லத்துக்குத் திரும்பவே. நிறுவனங்களின் பொன்விழா, நூற்றாண்டு விழா என்றால் புகைப்படக் கண்காட்சி இப்போது தவறுவதில்லை. நோக்கம் போற்றத்தக்கது. செயல்முறையோ வருந்தத்தக்கது. அத்தகைய கண்காட்சியொன்றில், பட்டமளிப்பு விழாக் குழுப்படம் ஒன்றை நாம் கண்டோம். நான்கு வரிசையாக ஆசிரியர்களும் மாணவர்களும் நின்றிருந்தனர். எதிர்ச்சுவரின் குழல்விளக்கு கண்ணாடியில் ஒரு வெண்கோடாக விழுந்து மூன்றாம் வரிசையை முழுவதும் மறைத்திருந்தது. தம் பாட்டனாரைத் தேடி வந்த இளைஞர் ஒருவர் இடமும் வலமும் சாய்ந்து பார்த்துவிட்டு அகன்றார். அடியில் ஆண்டு இல்லை, பெயர்களும் இல்லை. சட்டத்தின் மேலே நன்கொடையாளர் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது.

இழப்பின் அளவை நாம் உணர வேண்டும். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளைச் சுமந்த கப்பல் பயணம் 1995இல் முடிவுற்றது. அப்பயணத்தை அறிந்த முதியவர்கள் நாளும் குறைந்துவருகின்றனர். கப்பல்தளத்தில் இஹ்ராமுடன் நின்ற தந்தையரின் படங்கள் இன்றும் பல வீடுகளில் வெயில் விழும் சுவரில் வெளுத்துக்கொண்டிருக்கின்றன. மதரஸா அலுவலகங்களில் தொங்கும் குழுப்படங்களில் பலவற்றுக்கு வேறு பிரதியே இருக்காது. அச்சிட்ட வரலாறு குறைந்த ஒரு சமுதாயத்துக்கு இவை கிதாபுகளுக்கு நிகரான மூலங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகள்.

செய்ய வேண்டியவை செலவு மிக்கவை அல்ல. மூலப்படத்தைச் சட்டத்திலிருந்து விடுவித்து, கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பலவந்தமாகப் பிரிக்காமல் அப்படியே, மின்வருடியில் நகலெடுக்க வேண்டும். மூலத்தை அமிலமற்ற உறையில், இருண்ட உலர்ந்த பேழையில் வைத்து, நகலையே சுவரில் தொங்கவிட வேண்டும். மவுண்ட் ஓரத்தோடு எளிய சட்டம். கண் மட்டத்தில் இரு ஆணிகள். வெயில் படாத சுவர். மேலிருந்து சாய்ந்து விழும் மிதமான ஒளி. குழல்விளக்கு எதிரொளித்தால் விளக்கையோ படத்தையோ இடம் மாற்றலாம். அடியில் ஒரு தாளில், வரிசை வரிசையாகப் பெயர்கள். பெயர் தெரியாத முகத்துக்கு நேரே வெற்றிடம் விட்டு, அறிந்தவர் எழுத ஒரு பேனாவையும் வைக்கலாம். அவ்வாறு நிரம்பும் பெயர்களைவிடச் சிறந்த ஹாஷியா எந்தக் குழுப்படத்துக்கும் கிடைக்காது.

உயரமும் ஒளியும் நம் கையில் உள்ளவை. அவற்றைக் கொண்டு நம் முன்னோரைப் பீடத்தில் ஏற்றவும் கூடாது. வெளுத்து மறையவிடவும் கூடாது. அவர்கள் நமக்கு எதிரே, நம் கண்ணுக்கு நேரே நின்று, தாம் ஓதியதையும் ஓதிக்கொடுத்ததையும் சொல்ல இடம் தருவதே நாம் அவர்களுக்குச் செய்யும் அதபு. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.